வானை அளந்த ஜே.ஆர்.டி. டாடா



மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று பேரவைச் செயலாளர் அண்ணன் வகுப்பு வகுப்பாக வந்து கேட்டபோது, நான் கடைசி பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கவிதை வராது. சிரிப்புத் துணுக்கும் வராது. தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ஒரு பழைய விமானத்தின் படத்தைக் காட்டினால் அது என்ன விமானம், எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க முயற்சி செய்வேன். சிலர் தபால்தலை சேர்க்கிறார்கள், சிலர் நாணயம் சேர்க்கிறார்கள். என் பொழுதுபோக்கு இது. காசு செலவில்லை. நூலகமும், பழைய புத்தகங்களும், கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

அந்தப் பொழுதுபோக்கின் வழியாக எனக்கு அறிமுகமான ஒரு மாமனிதரின் வாழ்க்கையை இங்கே எழுதுகிறேன். கூடவே நான் செய்த ஒரு தப்பையும் எழுத வேண்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டு எழுதினால் இந்தக் கட்டுரை முழுமை அடையாது.

வள்ளமும் விமானமும்

எனக்குச் சொந்த ஊர் குளச்சல். அப்பா கடலுக்குப் போகிறவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். ஆனால் அவரோடு கரையில் நின்றால் ஒரு அதிசயத்தைப் பார்க்கலாம். தூரத்தில் கடுகு மாதிரி ஒரு வள்ளம் தெரியும். அது இன்னார் வள்ளம் என்று சொல்லிவிடுவார். கிட்டே வந்தால் அது அப்படியே இருக்கும். பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெயரை அவர் பார்ப்பதே இல்லை. அணியம் எவ்வளவு தூக்கி நிற்கிறது, பாரம் எங்கே இருக்கிறது, தண்ணீரில் எப்படி உட்கார்ந்து வருகிறது என்பதுதான் அவருக்குக் கணக்கு.

விமானத்துக்கும் இதே கணக்குத்தான் நண்பர்களே! முதலில் எழுத்தைப் பார்க்கக் கூடாது, உருவத்தைப் பார்க்க வேண்டும். இறக்கை ஒரு அடுக்கா, இரண்டு அடுக்கா? உடம்புக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? விமானி கண்ணாடி அறைக்குள் இருக்கிறாரா, தலையை வெளியே நீட்டிக்கொண்டு இருக்கிறாரா? சக்கரத்தைத் தாங்கும் கால் மேலே எந்த இடத்தில் போய்ச் சேருகிறது? இத்தனையும் பார்த்த பிறகு கடைசியாகத்தான் எழுத்து. வி.டி. என்று ஆரம்பித்தால் அது இந்தியாவில் பதிவான விமானம்.

இவ்வளவு தெரிந்த நான்தான் எங்கள் துறைக் கண்காட்சியில் சறுக்கி விழுந்தேன். ஜே.ஆர்.டி. டாடா பற்றி ஒரு சார்ட் தயாரித்தேன். நூலகப் புத்தகம் ஒன்றிலிருந்து இரண்டு விமானப் படங்களை நகல் எடுத்து ஒட்டினேன். இரண்டுக்கும் கீழே 1932-ல் ஜே.ஆர்.டி. ஓட்டிய விமானம் என்று கலர் பேனாவால் எழுதினேன். அன்று அப்பா வந்திருந்தார். பாலிடெக்னிக்குக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. வெள்ளை வேட்டி, சலவைச் சட்டை. சார்ட் முன்னால் ரொம்ப நேரம் நின்றார். பிறகு மெதுவாக, மக்களே, இது ரெண்டும் ஒண்ணு இல்லல்லா, காலப் பாரு என்றார்.

கூட்டாளிகள் சுற்றி நின்றார்கள். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. உங்களுக்கு இதெல்லாம் தெரியாதுப்பா, சும்மா இருங்க என்று சொல்லிவிட்டேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. பக்கத்து மேசையில் இருந்த பம்புசெட்டைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்த இரண்டு படங்களின் கதையைக் கடைசியில் சொல்கிறேன். இனி ஜே.ஆர்.டி.யின் வாழ்க்கைக்கு வருவோம்.

கடற்கரையில் பிறந்த கனவு

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாடா 1904-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் நாள் பாரிஸ் நகரில் பிறந்தார். தந்தை ஆர்.டி. டாடா, டாடா தொழிற்குடும்பத்தைச் சேர்ந்த பார்சி வணிகர். தாய் சுசான் பிரெஞ்சுப் பெண்மணி. பிரான்சின் வடக்குக் கரையில் ஹார்டெலோ என்ற கடற்கரை ஊரில் அவர்களுக்கு ஒரு விடுமுறை வீடு இருந்தது. லூயி பிளேரியோவுக்கும் அதே ஊரில்தான் வீடு. 1909-ல் ஆங்கிலக் கால்வாயை முதன்முதலாக விமானத்தில் பறந்து கடந்தாரே, அதே பிளேரியோ! அந்தக் கடற்கரை மணலில் விமானங்கள் வந்து இறங்குவதைச் சிறுவன் ஜஹாங்கீர் வாய் பிளந்து பார்த்தான். 15 வயதில் முதன்முதலாக விமானத்தில் ஏறிப் பறந்தான். என்றாவது ஒரு நாள் தானும் விமானி ஆக வேண்டும் என்ற ஆசை அவன் மனதில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

நம்முடைய கடற்கரையிலும் எத்தனையோ பையன்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஹார்டெலோ மணலைப் பற்றிப் படித்தபோது எனக்கு அதுதான் தோன்றியது.

பட்டம் பெறாத மேதை

பணக்கார வீட்டுப் பிள்ளை, பெரிய படிப்பெல்லாம் படித்திருப்பார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உண்மை அப்படி இல்லை. பிரான்ஸ், ஜப்பான், பம்பாய் என்று ஊர் மாறி ஊர் மாறிப் பள்ளிப் படிப்பு நடந்தது. 1923-ல் தாயார் காசநோயால் இறந்துபோனார். பிரெஞ்சுக் குடிமகன் என்பதால் ஜே.ஆர்.டி. அந்த நாட்டு இராணுவத்தில் ஓராண்டு பணியாற்ற வேண்டி வந்தது. அதன் பிறகு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்க வேண்டும் என்று துடித்தார். ஆனால் 1925-ல் தந்தை அவரைப் பம்பாய்க்கு அழைத்துக்கொண்டார். சம்பளம் இல்லாத பயிற்சியாளராக டாடா நிறுவனத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே தந்தையும் மறைந்தார். தம்பி தங்கைகளோடு குடும்பப் பொறுப்பு 22 வயது இளைஞரின் தலையில் விழுந்தது.

பொறியியல் படிப்பு கனவாகவே போய்விட்டது. அந்தக் குறை வாழ்நாள் முழுவதும் அவர் மனதில் இருந்தது. ஆனாலும் அவர் சோர்ந்துவிடவில்லை. தனக்குத் தெரியாததைப் புத்தகம் படித்தும், தெரிந்தவர்களிடம் கேட்டும் கற்றுக்கொண்டார். பட்டம் பெறாத அவர் பின்னாளில் இந்தியாவின் தலைசிறந்த பொறியாளர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் துணை நின்றார் என்றால் அது கற்கும் ஆர்வத்தின் வெற்றி அல்லவா?

முதல் எண் உரிமம்

1929-ல் ஜே.ஆர்.டி. பிரெஞ்சுக் குடியுரிமையைத் துறந்து இந்தியர் ஆனார். அதே ஆண்டு பிப்ரவரி 10-ஆம் நாள் பம்பாயில் விமானி உரிமம் பெற்றார். இந்தியா மற்றும் பர்மா விமானக் கழகம் வழங்கிய அந்த உரிமத்தின் எண் 1. அந்த 1 என்ற எண்ணை அவர் கடைசிவரை பெருமையாகக் கருதினார்.

1930-ல் ஆகாகான் அறிவித்திருந்த ஒரு போட்டி நடந்தது. இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டிச் செல்லும் முதல் இந்தியருக்குப் பரிசு. ஜே.ஆர்.டி. ஜிப்ஸி மாத் விமானத்தில் கராச்சியிலிருந்து லண்டனை நோக்கிப் புறப்பட்டார். ஆஸ்பி எஞ்சினியர் என்ற இளைஞர் லண்டனிலிருந்து கராச்சிக்கு வந்துகொண்டிருந்தார். ஆஸ்பிக்கு அப்போது வயது 17. இதைப் படிக்கிற நம்மில் பலரைவிடச் சின்னவர்!

எகிப்தில் இரண்டு பேரும் சந்தித்தார்கள். ஆஸ்பியின் இன்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் இல்லை, மேலே பறக்க முடியாமல் மாட்டிக்கொண்டு நின்றார். எதிராளி நின்றுவிட்டால் வெற்றி தனக்கு என்று ஜே.ஆர்.டி. நினைத்திருக்கலாம். அவர் தன்னிடம் இருந்த உபரி பிளக்குகளைக் கொடுத்து உதவினார். கடைசியில் சில மணி நேர வித்தியாசத்தில் ஆஸ்பி வென்றார், ஜே.ஆர்.டி. தோற்றார். அந்த ஆஸ்பி எஞ்சினியர்தான் 1960-ல் இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதி ஆனார். நம் ஊர்க் கடலிலும் ஒரு வழக்கம் உண்டு. நடுக்கடலில் இன்ஜின் நின்றுபோன வள்ளத்தைப் பார்த்தால் அது யாருடையது, கரையில் என்ன சண்டை என்று பார்க்க மாட்டார்கள், கயிறு போட்டு இழுத்து வருவார்கள். எகிப்தில் நடந்ததும் அதுதான்.

தபாலோடு வந்த விமானம்

நெவில் வின்சென்ட் என்பவர் பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றியவர். இந்தியாவில் விமானத் தபால் நடத்தலாம் என்ற திட்டத்தோடு அவர் ஜே.ஆர்.டி.யிடம் வந்தார். இரண்டு பஸ் மாத் விமானங்கள் வாங்கப்பட்டன. ஒற்றை இன்ஜின், உடம்புக்கு மேலே ஒற்றை இறக்கை, மூடிய அறை. இரும்புக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்திய உடம்பு. இன்ஜின் 120 குதிரைசக்தி.

இயந்திரவியல் மாணவர்களுக்காக ஒரு விஷயம். அந்த இன்ஜினில் சிலிண்டர்கள் தலைகீழாகக் கீழே தொங்கும், கிராங்க் தண்டு மேலே இருக்கும். அதனால் விமானியின் பார்வையை இன்ஜின் மறைக்காது. சக்கரக் காலின் உறையை 90 பாகை திருப்பினால் அது காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும். இன்றைக்குப் பார்த்தாலும் மெச்ச வேண்டிய யோசனை!

1932-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் காலை. இங்கிலாந்திலிருந்து வந்த தபால் மூட்டையை ஏற்றிக்கொண்டு ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து தனியாகப் புறப்பட்டார். வானொலித் தொடர்பு கிடையாது. வழிகாட்டும் கருவி என்று பெரிதாக எதுவும் கிடையாது. கடலோரத்தையும் தரையையும் கண்ணால் பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். கோயில் கோபுரத்தையும் மலை உச்சியையும் ஒரே நேராக வைத்துக் கடலில் இடம் பிடிக்கும் நம்மவர்களுக்கு இது நன்றாகப் புரியும். வழியில் அகமதாபாத்தில் இறங்கினார். அங்கே விமானத்துக்குப் பெட்ரோல் வந்தது எதில் தெரியுமா? மாட்டுவண்டியில்! மதியம் தாண்டி பம்பாய் ஜுஹு வந்து சேர்ந்தார். அங்கிருந்து தபாலை ஏற்றிக்கொண்டு வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குப் பறந்தார். டாடாவின் விமானப் போக்குவரத்து வரலாறு இப்படித்தான் தொடங்கியது. அந்த வின்சென்ட் 1942-ல், உலகப்போர் நடுவே, தான் பயணம் செய்த விமானத்தோடு காணாமல் போனார் என்பது வருந்தத்தக்க செய்தி.

நம் பக்கம் வந்த விமானம்

இது ஏதோ பம்பாய்க் கதை, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். அன்று குளச்சல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்ம ராஜாவின் முயற்சியால் 1930-களின் தொடக்கத்தில் திருவனந்தபுரம் கடற்கரையை ஒட்டி விமானத் தளம் உருவானது. டாடா விமானம் பம்பாயிலிருந்து அங்கே வந்தது. 1935 நவம்பர் 1-ஆம் நாள் திருவிதாங்கூர் அஞ்சல் துறையின் தபாலோடு அங்கிருந்து முதல் விமானம் பம்பாய்க்குக் கிளம்பியது. சரியாக 21 ஆண்டுகள் கழித்து, 1956-ல் அதே நவம்பர் 1 அன்றுதான் நம் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது.

திருவனந்தபுரத்துக்கு வந்த அந்த விமானம் எது என்பதில் புத்தகங்களுக்குள்ளே ஒற்றுமை இல்லை. சில பாக்ஸ் மாத் என்கின்றன, சில மைல்ஸ் மெர்லின் என்கின்றன. பாக்ஸ் மாத்துக்கு இரண்டு அடுக்கு இறக்கை. பயணிகள் முன்னால் சின்ன அறைக்குள் இருப்பார்கள், விமானி பின்னால் திறந்த குழியில் உட்கார்ந்திருப்பார். மெர்லினுக்கு ஒரே இறக்கை, அதுவும் உடம்புக்குக் கீழே. அன்றைய தேதியில் எடுத்த தெளிவான ஒரு படம் போதும், பத்து புத்தகங்களின் வழக்கைத் தீர்த்துவிடும். படத்தைப் பார்த்து விமானத்தை அடையாளம் காண்பதால் என்ன பிரயோஜனம் என்று கேட்கும் நண்பர்களுக்கு என் பதில் இதுதான்.

கண்ணில் தப்பாத மனிதர்

1938-ல், 34 வயதிலேயே, ஜே.ஆர்.டி. டாடா குழுமத்தின் தலைவர் ஆனார். 1946-ல் டாடா ஏர்லைன்ஸ், ஏர் இந்தியா என்ற பெயர் பெற்றது. 1948 ஜூன் 8-ஆம் நாள் மலபார் பிரின்சஸ் என்ற விமானம் பம்பாயிலிருந்து லண்டனுக்குத் தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. 1953-ல் அரசு விமான நிறுவனங்களை நாட்டுடைமை ஆக்கியபோது அவர் மனம் வருந்தினார். ஆனாலும் அரசு கேட்டுக்கொண்டபடி ஏர் இந்தியாவின் தலைவராக, சம்பளம் வாங்காமல், தொடர்ந்து உழைத்தார்.

விமானத்தில் பயணம் செய்யும்போது சின்னச் சின்னக் குறைகளையும் குறித்துக்கொள்வார். திரைச்சீலை, இருக்கை, சாப்பாடு எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. காபிக்கும் தேநீருக்கும் நிறத்தில் வித்தியாசம் தெரியவில்லையே என்றுகூடக் குறிப்பு எழுதினார்! பெரிய காரியம் என்பது சின்னச் சின்னக் காரியங்களை ஒழுங்காகச் செய்வதுதான் என்பதை அவர் வாழ்க்கை நமக்குக் காட்டுகிறது.

விமானம் மட்டுமல்ல. பம்பாயில் 1941-ல் டாடா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, 1945-ல் ஹோமி பாபாவின் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், அதே ஆண்டில் டெல்கோ, 1968-ல் டி.சி.எஸ். என்று அவர் தலைமைக் காலத்தில் எழுந்தவை ஏராளம். 1978-ல் அன்றைய மத்திய அரசு அவரை ஏர் இந்தியா தலைவர் பதவியிலிருந்து நீக்கியது. அது அவருக்குப் பெரிய அடி. ஆனால் வானத்தின் மேல் அவர் கொண்ட பாசத்தை யாரால் நீக்க முடியும்?

78 வயதில் மீண்டும்

1982 அக்டோபர் 15. முதல் தபால் விமானத்தின் பொன்விழா நாள். 78 வயது ஜே.ஆர்.டி. கராச்சியில் ஒரு பழைய சின்ன விமானத்தில் தனியாக ஏறி உட்கார்ந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பறந்த அதே வழியில் பறந்து வந்து பம்பாயில் இறங்கினார். இந்த வயதிலும் முடியும் என்று இளைஞர்களுக்கு நம்பிக்கை ஊட்டிய நாள் அது.

ஆனால் அவர் அன்று ஓட்டியது பஸ் மாத் அல்ல, லெப்பர்ட் மாத்! பஸ் மாத்துக்கு அடுத்து, 1933-ல் வந்த விமானம். பார்ப்பதற்கு அக்கா தங்கை மாதிரி இருக்கும். ஆனால் லெப்பர்ட் மாத்தின் உடம்பு ஒட்டுப்பலகையால் ஆனது. இறக்கை நுனியை நோக்கிக் குறுகும். முக்கியமான வித்தியாசம் சக்கரக் காலில். பஸ் மாத்தில் அந்தக் கால் மேலே இறக்கை உடம்போடு சேரும் இடம்வரை போகும். லெப்பர்ட் மாத்தில் முன்னால் சாய்ந்து, இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தடுப்பிலேயே முடிந்துவிடும்.

இப்போது புரிந்திருக்கும். என் சார்ட்டில் ஒட்டிய இரண்டு படங்களில் ஒன்று 1932-ன் பஸ் மாத், மற்றது 1982-ன் லெப்பர்ட் மாத். கண்காட்சி முதல் நாள் முடிந்ததும் மனசு கேட்காமல் நூலகத்துக்குப் போய் அந்தப் புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் சரியாகத்தான் போட்டிருந்தார்கள். அவசரத்தில் நான்தான் படிக்கவில்லை. எழுத்துப் படித்த நான் எழுத்தையும் பார்க்கவில்லை, காலையும் பார்க்கவில்லை. எழுத்துத் தெரியாத அப்பா காலைப் பார்த்தார்.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் போய், இரண்டாவது படத்தின் கீழே வெள்ளைத் தாள் ஒட்டித் திருத்தி எழுதினேன். அது சுலபம். வீட்டில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அன்று சாயங்காலம் அப்பா முற்றத்தில் உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். புத்தகத்தை அவர் முன்னால் விரித்து வைத்து, நீங்க சொன்னதுதான் சரிப்பா, நேத்து நான் பேசினது தப்பு என்றேன். அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். இந்த ரெண்டாவதுல கிழவனா உட்கார்ந்து பறந்தாரு என்று ஆச்சரியத்தோடு கேட்டார். ஆமாப்பா, 78 வயசு என்றேன். கொள்ளாம் என்று சொல்லிச் சிரித்தார். அன்று ராத்திரி ஜே.ஆர்.டி.யின் கதை முழுவதையும் அவருக்குச் சொன்னேன். ஸ்பார்க் பிளக் கதையை மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

1992-ல் ஜே.ஆர்.டி.க்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. 1993 நவம்பர் 29-ஆம் நாள் ஜெனீவாவில் அவர் காலமானார். பிறந்த ஊரான பாரிஸிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் தொடங்கிய ஏர் இந்தியா 2022 ஜனவரியில் மீண்டும் டாடா குழுமத்திடம் வந்து சேர்ந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள். டிப்ளமோ கையில் வருவதற்கு முன்பே வீட்டிலுள்ளவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்ற எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது. பட்டம் இல்லாமலே பார்த்தும் கேட்டும் கற்றவர் ஜே.ஆர்.டி. என் அப்பாவும் அப்படிக் கற்றவர்தான், அவர் கற்றது கடலில். நாம் படிக்கிற படிப்பு அவர்கள் கண்ணோடு சேர்ந்தால்தான் முழுமை பெறும். அடுத்த கண்காட்சிக்குத் திருவனந்தபுரத்தில் இறங்கிய விமானங்களைப் பற்றி ஒரு சார்ட் செய்யப் போகிறேன். சுவரில் மாட்டுவதற்கு முன்னால் அப்பாவிடம் ஒருமுறை காட்டுவேன்.